வேலூர் வெயில் பழகியவர்கள் கிராண்ட் கேன்யனில் இறங்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறார். ஜூன் மூன்றாம் வாரம் குடும்பத்தோடு அங்கே கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குப் போய் மூன்று இரவு கூடாரத்தில் தங்கத் திட்டம். அடுத்து, குறுகிய பாறைச் சந்தான ஆன்டெலோப் கேன்யன். பேரப்பிள்ளைகளுக்கு வயது 9, 6. "கத்திரி வெயிலிலேயே வளர்ந்தவள் நான். அந்த வெயில் என்னை என்ன செய்துவிடும்? அடியில் ஓடும் ஆறு வரை இறங்கிப் பார்க்கலாமா? கணவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. சமையலுக்கு என்ன கொண்டுபோவது?" என்று கேட்கிறார்.

போங்கள் அம்மா, கூடாரத்திலும் தங்குங்கள். ஆற்றங்கரைக்கு இறங்குவது மட்டும் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

சோளிங்கர் பெரியமலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1,305 படி. மூச்சு வாங்கினால் பாதியில் உட்காருவோம், முடியாவிட்டால் திரும்பிவிடுவோம். திரும்பும் வழி இறக்கம். கிராண்ட் கேன்யன் கவிழ்த்துப் போட்ட மலை. காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம், அதுவும் உச்சி வெயிலில். தென்விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் ஊட்டி. அங்கிருந்து கொலராடோ ஆறு சுமார் 1,400 மீட்டர் கீழே. ஜூன் மாதம் மேலே பகலில் 27, 28 டிகிரி என்றால் கீழே 40-ஐத் தாண்டும். ஊட்டியில் கிளம்பி கத்திரி நாள் வேலூருக்கு இறங்கி, அன்றைக்கே மறுபடி ஊட்டிக்கு நடந்து ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

வெயில் பழக்கம் பற்றிச் சொல்கிறேன். என் மைத்துனர் காட்பாடிக்காரர். "வேலூர்க்காரனுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித் தரணுமா?" என்று சொல்லிக்கொண்டேதான் கிராண்ட் கேன்யனில் என்னோடு இறங்கினார். திரும்பி ஏறும்போது காலை ஒன்பதரை மணி இருக்கும். தலைவலி என்றார், குமட்டுகிறது என்றார், பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து மொடமொடவென்று இருந்தது. முதுகில் மட்டும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். நம் ஊரில் சட்டை நனைந்தால்தான் வியர்க்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். அங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை துளிர்க்கும்போதே ஆவியாகிவிடுகிறது. உடம்பு தண்ணீரை இழப்பது தெரியாது. நம் பழக்கம் நம்மை ஏமாற்றுவது இங்கேதான்.

இன்னொரு தவறும் நடந்திருந்தது. இரண்டு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்திருந்தார், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. உப்பு வியர்வையில் போய், வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். இதிலும் தலைவலி, குமட்டல், தடுமாற்றம்தான் வரும். வெயில் களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து கூடும். அன்றைக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்புக்கடலையையும் உப்பு நார்த்தங்காயையும் கொடுத்து, அரை மணி நேரம் நிழலில் வைத்திருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்தோம். புத்தி தடுமாறிப் பேசியிருந்தாலோ வாந்தி நிற்காமல் இருந்தாலோ காத்திருக்காமல் பூங்காக் காவலரின் உதவியைக் கேட்டிருப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உப்புள்ள தின்பண்டம் ஒரு வாய்: தட்டை, முறுக்கு, புளியோதரை. ஓஆர்எஸ் பொட்டலங்களும் பையில் இருக்கட்டும். பிள்ளைகளின் சிறுநீர் மஞ்சள் அடர்ந்தால் அன்றைய நடை முடிந்தது.

ஆசைக்குக் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். தெற்கு கைபாப் பாதையில் ஊ-ஆ பாயிண்ட் வரை சுமார் 1.4 கிலோமீட்டர். பேரப்பிள்ளைகளோடு அதுவரை போதும். ஜூனில் அங்கே ஐந்தேகால் மணிக்கே விடிந்துவிடும். பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரை விடமாட்டார்கள், பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். முதல் வெளிச்சத்தில் இறங்கி எட்டரைக்குள் மேலே வந்துவிடுங்கள். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற எடுக்கும். அந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, முழுக்க நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

பயிற்சிக்குச் சோளிங்கரே போதும். ரோப்காரில் மேலே போய் சாமி கும்பிட்டுவிட்டு, பாதிப் படி இறங்கி, மறுபடி மேலே ஏறுங்கள். முதலில் இறங்கி அப்புறம் ஏறும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும்.

தங்குவதற்குத் தென்விளிம்பில் மேதர் முகாம் வசதியானது. குழாய்த் தண்ணீர், கழிப்பறை உண்டு, குளிக்கும் இடம் பக்கத்தில். ஓர் இடத்துக்கு ஆறு பேர். ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும், மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பாலைவனம் என்று பருத்திப் புடவையோடு போய்விடாதீர்கள். ஜூனிலும் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லா வேண்டும். அணிலுக்குத் தீனி போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், அந்த ஊர்ப் பாறை அணில்கள் கடிக்கும்.

சமையலில் ஒன்று: அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. சின்ன குக்கர் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். அடுப்பும் கேஸும் அங்கே வாங்கிக்கொள்ளலாம், கேஸை விமானத்தில் ஏற்ற முடியாது. இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

ஆன்டெலோப் கேன்யனுக்கு நவஹோ பழங்குடியினரின் வழிகாட்டியோடுதான் போக முடியும். மழை அறிகுறி என்று அவர்கள் ரத்து செய்தால் வாதாடாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் அந்தக் குறுகிய பாறைச் சந்துக்குள் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். காய்ந்து கிடந்த பாலாறு, மேலே பெய்த மழையால் 2021 நவம்பரில் எப்படிப் பொங்கி வந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் கீழே இறங்க வேண்டாம். கொதிப்புக்கு அவர் சாப்பிடுவது சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் மாத்திரையா என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், வறண்ட வெயிலில் அது முக்கியம். நீங்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் அவருக்கு விளிம்பின் மேலேயே 'ட்ரெயில் ஆஃப் டைம்' என்ற தார்போட்ட நடைபாதை இருக்கிறது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டுக் கணக்கு. ஓரத்தில் அந்தந்தக் காலத்துப் பாறைகளை வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். 1,700 மீட்டர் தாண்டியதும் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் கரும்பாறை வரும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் விஷ்ணு. எதிரே தெரியும் சிகரங்களில் பிரம்மா கோயில், சிவன் கோயில் என்றும் பெயர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளைத் தாத்தாவிடம் அங்கே கொண்டுபோய் விடுங்கள். எது எந்தச் சிகரம் என்று அவர் காட்டட்டும்.