முகத்தை விட்டுவிட்டுக் கூந்தலைச் செய்தவர்கள்

கேள்வி: ஈக்வடார் நாட்டுப் பழைய சுடுமண் பெண் பொம்மைகளின் படம் பார்த்தேன். உடலில் ஆடையே இல்லை. தலைமுடி மட்டும் அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, ஏன்?
- வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் பார்த்தவை வால்டிவியா பொம்மைகள். ஈக்வடாரின் பசிபிக் கடற்கரையில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை. 1956-இல் ஈக்வடார் தொல்லியல் ஆய்வாளர் எமிலியோ எஸ்ட்ராடா, இவற்றைச் செய்த மக்களின் வால்டிவியா பண்பாட்டைக் கண்டறிந்தார்.

செய்முறையை அறிந்தபோது நானும் களிமண்ணை உருட்டிப் பார்த்தேன். இரண்டு உருளைகளை ஒட்டவைத்தால் உடல். கீழே ஒட்டாமல் விட்டால் கால்கள். ஐந்தே நிமிடம்! கண், புருவம், வாய் எல்லாம் சிறு கீறல்கள்தான். ஆனால் கூந்தலுக்குத் தனி மண்ணை அப்பி, இழை இழையாகக் கோடு கீறியிருக்கிறார்கள். சிலவற்றில் தலையின் ஒரு பகுதி மழித்தது போல வழுவழுப்பாக இருக்கும். மேலே செம்மண் குழம்பு பூசி மெருகேற்றினார்கள்.

காரணத்தை எழுதிவைக்க அவர்களிடம் எழுத்து இல்லை. வயதையும் நிலையையும் சிகையலங்காரம் காட்டியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பல பொம்மைகள் வீட்டுக் குப்பையில் உடைந்து கிடைத்தன. சடங்கு முடிந்ததும் எறிந்திருக்கலாம். அவ்வளவு பொறுமையாகச் சீவிய கூந்தலையுமா என்று மனம் பதறுகிறது.