கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கொசுவப் பாவாடை) தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் மூச்சு முட்டாதா? ஜீன்ஸ் மாதிரி இறக்கிக் கட்டினால் என்ன தப்பு?

தப்பெல்லாம் இல்லை, போலீஸ் பிடிக்காது. இறக்கிக் கட்டிக்கொண்டு நான் நாலு மணி நேரம் பட்ட பாட்டைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு ஸ்காட்லாந்தில் ஏதோ கல்யாணம் வருகிறது. வாடகைக் கடையில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். கடைக்காரர் அதைக் கிட்டத்தட்ட விலா எலும்பு வரை ஏற்றி வாரை இறுக்கியதும் "இதோடு எப்படிச் சாப்பிடுவது, எப்படி உட்காருவது" என்று பயம் வந்திருக்கிறது. எனக்கும் அதே பயம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கில்ட் தைக்கிறவனும் இல்லை, சரித்திர ஆராய்ச்சிக்காரனும் இல்லை. ஈரோடு பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடமாக கிளாஸ்கோவில் குப்பை கொட்டுகிறவன். போன ஜூனில் ஸ்டர்லிங் பக்கத்தில் கூட வேலை பார்க்கும் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் ஐந்து பேருக்கும் கில்ட். ஐந்தில் நானும் ஒருவன்.

வாடகைக் கடையின் இணையப் படிவத்தில் இடுப்பளவு கேட்டார்கள். என் ஜீன்ஸ் அளவைப் போட்டேன்: 34. எல்லாக் கூத்துக்கும் விதை அங்கேதான். ஜீன்ஸ் உட்காருவது அரைஞாண் கயிறு கிடக்கிற இடத்தில். கில்ட் உட்காருவது அதற்கு நாலு விரல் மேலே. அங்கே டேப் பிடித்தால் எனக்கு 36க்கும் மேல். நாற்பது வயதில் வயிறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

கல்யாணத்தன்று காலையில் தொப்புள் அளவில் வைத்து இழுத்தேன், வார் எட்டவில்லை. எட்டவில்லை என்பதைவிட, முழு மூச்சாக இழுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். வயிற்றுக்குக் கீழே இறக்கி ஜீன்ஸ் மாதிரி மாட்டினேன். ஆகா, என்ன சுகம்! கண்ணாடியில் பார்த்தேன், முழங்கால் இரண்டும் காணோம். கில்ட்டின் கரை முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். எனக்கு மூன்று அங்குலம் கீழே, பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாவாடை மாதிரி தொங்கியது. மேலே இன்னொரு அசிங்கம். அந்தக் குட்டைக் கோட்டு, பிரின்ஸ் சார்லி என்பார்கள், உயர்த்திக் கட்டிய கில்ட்டுக்கென்றே வெட்டியது. அதன் வெயிஸ்ட்கோட்டுக்கும் என் கில்ட்டுக்கும் நடுவில் வெள்ளைச் சட்டை நாலு விரல் அகலத்துக்குப் பல்லிளித்தது. பார்க்க முடியவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

இனி ஏன் வழுக்குகிறது என்கிற கதை. முழுக் கில்ட் என்றால் எட்டு கஜம் கம்பளித் துணி, கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனம். பின்பக்கக் கொசுவத்தை இடுப்பிலிருந்து புட்டம் வரை தைத்து இறுக்கியிருப்பார்கள். மேலே குறுகல், கீழே வர வர அகலம், உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி. அதை மூன்று அங்குலம் இறக்கினால் குறுகலான பாகம் புட்டத்தின் மேல் ஏறி நிற்கிறது, அகலமான பாகம் தொடையில் தொளதொளக்கிறது. கொசுவம் விசிறி மாதிரி வாய் பிளக்கிறது. பாரத்தைத் தாங்க அடியில் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எங்கே வைக்கிறார்கள்? இடுப்பெலும்புக்கு மேலே, உடம்பு உள்வாங்குகிற இடத்தில். எலும்புக்குக் கீழே வைத்தால் குடம் நிற்குமா? அவ்வளவுதான் கணக்கு.

இது எனக்கு அன்று தெரியாது. சாயங்காலம் "கேலி" ஆரம்பித்தது. நம்ம கேலி இல்லை, அவர்களின் கூட்டு ஆட்டத்துக்குப் பெயரே அதுதான் (எனக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டது). "ஸ்ட்ரிப் த வில்லோ" என்று ஓர் ஆட்டம். இரண்டு வரிசையாக நின்று, கையைக் கோத்து, ஆள் மாற்றி ஆள் சுழற்றிக்கொண்டே போவார்கள். இரண்டு கையும் வேண்டும். எனக்கோ ஒரு கை கில்ட்டைப் பிடிக்கவே சரியாக இருந்தது. மூன்றாவது சுற்றில் மணப்பெண்ணின் அத்தை என் இடது கையைப் பிடித்து இழுக்க, ஸ்போரன் என்கிற அந்தத் தோல் பை, கில்ட்டில் பாக்கெட் கிடையாதே, அதற்காக முன்னால் சங்கிலியில் தொங்குவது, கில்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தது. நான் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக நடந்து, நேரே பாத்ரூம்.

அங்கே பெண்ணின் பெரியப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல், ஒரு காலத்தில் வாத்தியக் குழுவில் பேக்பைப் ஊதியவராம். கிளாஸ்கோப் பெரியவர்கள் சின்னவர்களை "சன்" என்பார்கள், நாம் "தம்பி" என்கிற மாதிரி. "சன், அதை ஏன் பேன்ட் மாதிரி போட்டிருக்கிறாய்?" என்றார். பக்கவாட்டில் சாயச் சொன்னார். சாய்ந்தேன். எங்கே மடிகிறதோ அங்கே விரலை வைத்து, "உன் இடுப்பு இது. இவ்வளவு நாள் நீ நினைத்துக்கொண்டிருந்தது வேறு எதையோ." இடது பக்க வாரை அதன் துளை வழியே வெளியே எடுத்து முதலில் மாட்டினார், பிறகு வலது பக்க மேல் வார். இரண்டும் கடைசித் துளையில், பிள்ளையார் புண்ணியத்தில் எட்டின. வலது பக்கம் கீழே இன்னொரு வார் உண்டு. அதை மட்டும் தளர்வாக விட்டார். "இதை இறுக்கினால் பின்னால் மடிப்பு கோணும், உட்காரும்போது கடிக்கும்." கடைசியாக வார்ப்பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்போரனையும் பட்டிக்கு ஒரு கை அகலம் கீழே நிற்கும்படி சரிசெய்தார்.

மூச்சு முட்டியதா? இல்லை. முதல் பத்து நிமிடம் யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்திருக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் மறந்தே போயிற்று. உள்ளே விறைப்பான கான்வாஸ் வைத்துத் தைத்திருப்பதால் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. எனக்கு ஒன்பது வருடத்து முதுகுவலி, அன்று இரவு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. (வைத்தியம் என்று சொல்லவில்லை, மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) சாப்பிட்டபின் மட்டும் விலாவுக்குக் கீழே கொஞ்சம் அழுத்தியது, அது 34 என்று பொய் எழுதியதற்கு தண்டனை. நள்ளிரவு வரை ஆடினேன், இரண்டு கையாலும்.

எங்கள் தாத்தா வேட்டியைத் தொப்புளுக்கு மேலே கட்டி, அதன் மேல் பச்சை பெல்ட் போட்டு, மஞ்சள் மண்டிக்குப் போவார். பேரன்கள் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அந்த மனிதருக்கு வேட்டி அவிழ்ந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

"வேட்டியை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் பாவாடைக்கு வக்காலத்தா" என்று எழுத ஆரம்பித்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அதே வெள்ளைக்கார அரசு 1746இல் சட்டம் போட்டு இந்த உடையைத் தடுத்தது, 1782இல்தான் தடை நீங்கியது. இன்று அங்கே கில்ட் கட்டினால் எந்த ஹாலிலும் முதல் வரிசை. நம் கதை என்ன? சென்னையில் கிளப்புக்குள் வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள், அப்புறம் 2014இல் சட்டசபை கூடி வேட்டிக்காக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. என் சித்தப்பா பையன் கல்யாணத்தில் தோழர்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கோ வேட்டி. கட்டத் தெரிந்தவன் ஒருத்தன் இல்லை. கேட்டால் "கம்ஃபர்ட்" என்கிறார்கள். சரி, இதை ஆரம்பித்தால் முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கில்ட் எல்லாமே உயர்த்திக் கட்டுவதல்ல. சியாட்டிலில் 2000இல் ஆரம்பித்த யூட்டிலிகில்ட் போன்றவை இடுப்பெலும்பில் நிற்கும்படியே தைத்தவை, அவற்றை இறக்கித்தான் போட வேண்டும். தொப்பை முன்னால் தள்ளியவர்களுக்கு உயரக் கட்டுவது முன்பக்கம் கொஞ்சம் சரியத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகைக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் பழைய வெட்டு. அதற்கு ஜீன்ஸ் அளவைக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டபின், வயிற்றை எக்காமல், தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேலே டேப் வையுங்கள். மண்டியிட்டுப் பாருங்கள், கரை தரைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றால் நீளம் சரி. உட்காரும்போது பின்கொசுவத்தைக் கையால் தடவி விட்டு உட்காருங்கள், அம்மா புடவையில் செய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே.

சனிக்கிழமை கல்யாணம் என்றால் வியாழனே போய் வாங்கி வந்துவிடுங்கள். நான் வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு, கடை சாத்துகிற நேரத்தில் ஓடினேன், போட்டுப் பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.