கோர்ட் தீர்ப்பும் பேங்க் கணக்கும்: அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

கடன் வழக்கில் தீர்ப்பு வந்தபின் பேங்க் கணக்கை முடக்குவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. டல்லாஸில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பி நியூயார்க்கில் இருப்பவர் முடிவெடுக்கக் கூடாது.

குவீன்ஸ், நியூயார்க்: சார், பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காக என் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதில் என் சம்பளம் மட்டும்தான் வருகிறது. சம்மன் எதுவும் எனக்கு வந்ததே இல்லை.

முதலில் தபால் பெட்டியைப் பாருங்கள். 2008-ல் நியூயார்க் கொண்டுவந்த சட்டப்படி, முடக்கும் நோட்டீஸ் வந்த 2 வேலை நாட்களுக்குள் பேங்க் உங்களுக்கு, ‘இந்தப் பணத்தை முடக்கக் கூடாது’ என்று விலக்கு கோரும் படிவத்தை அனுப்ப வேண்டும். உறையில் உள்ள தபால் முத்திரைத் தேதியிலிருந்து 20 நாள்தான் கெடு. படிவத்தில் ஒன்றை பேங்குக்கும், இன்னொன்றை எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அனுப்புங்கள். கடந்த 60 நாளில் சம்பாதித்த சம்பளத்தில் 90 சதவீதத்துக்கு விலக்கு உண்டு. சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் சேர்த்தே வையுங்கள், வெறும் படிவம் போதாது.

இதைத் தவிர, குறைந்தபட்ச மணிக்கூலியைப் போல் 240 மடங்கு தொகையை முடக்கவே கூடாது. 2025-ல் நியூயார்க் நகரத்தில் மணிக்கூலி 16.50 டாலராக இருந்தது, ஆக அந்த ஆண்டின் வரம்பு 3,960 டாலர். அதற்குள்ளும் கை வைத்திருந்தால் உடனே பேங்கை அழைத்துக் கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சம்மன் விஷயம். கோர்ட்டில் உங்கள் கேஸ் கோப்பைக் கேட்டு வாங்கி, சம்மன் கொடுத்ததாகச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். எந்தத் தேதியில், எந்த முகவரியில், யாரிடம் கொடுத்தார்கள், அந்த ஆளின் உயரம், தலைமுடி, நிறம் என்ன என்று எழுதியிருக்கும். நீங்கள் ஏற்கெனவே காலி செய்த வீட்டில் யாரோ ஒருவரிடம் கொடுத்ததாக இருந்தால், பழைய லீஸை எடுத்துக்கொண்டு போய்த் தீர்ப்பையே ரத்து செய்யக் கேளுங்கள். பலர் இதைச் செய்யாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். மனது பொறுக்கவில்லை.

பிளேனோ, டெக்சாஸ்: இங்கே சம்பளத்தைத் தொட முடியாது என்கிறார்களே அண்ணா?

சாதாரணக் கடனுக்காக உங்கள் முதலாளியிடமிருந்து சம்பளத்தைப் பிடிக்க முடியாது என்பது சரி. ஆனால் அதே சம்பளம் பேங்கில் விழுந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். முடக்கும் உத்தரவு முதலில் பேங்குக்குத்தான் போகும், உங்களுக்குப் பிறகுதான் தெரியும். பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை பாக்கி என்றால் சம்பளத்தையும் பிடிப்பார்கள்.

டாம்பா, ஃப்ளோரிடா: கடன் என் பெயரில் மட்டும். கணக்கு எனக்கும் மனைவிக்கும் கூட்டாக இருக்கிறது.

ஃப்ளோரிடாவில் கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால், வேறு விதமாக எழுதித் தராத வரை, இருவருக்கும் பிரிக்க முடியாத முழு உரிமை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒருவருடைய கடனுக்கு அதைத் தொட முடியாது. கணக்கு திறந்தபோது கையெழுத்திட்ட தாளில் வேறு வகை எதையாவது டிக் செய்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். கடன் பத்திரத்தில் மனைவியும் கையெழுத்திட்டிருந்தால் இது எடுபடாது.

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா: அம்மாவின் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) பணம் என் பெயரும் சேர்ந்த கணக்கில் வருகிறது. தீர்ப்பு என் மேல்.

2011 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசு விதிப்படி, பேங்க் முந்தைய 2 மாத வரவுகளைப் பார்த்து, நேரடி டெபாசிட்டாக வந்த அந்தப் பணத்தைத் தானாகவே விட்டுவைக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் ‘எஸ்எஸ்ஏ ட்ரெஸ் 310’ என்று இருக்கும் வரிகள் அவைதான். காசோலையாக வாங்கிப் போட்டாலோ, வேறு கணக்குக்கு மாற்றினாலோ அந்தத் தானியங்கிப் பாதுகாப்பு இல்லை. 2 மாதத்துக்கு முந்தைய சேமிப்பு அம்மாவுடையது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். இந்த வயதில் அவரைக் கோர்ட்டுக்கு அலையவிட வேண்டாம். அவர் பெயரில் மட்டும் தனிக் கணக்கு திறந்து அந்த நேரடி டெபாசிட் இனி அங்கே வரும்படி மாற்றுங்கள். நீங்கள் பவர் ஆஃப் அட்டர்னி வைத்துக்கொண்டு கவனித்துக்கொள்ளலாம்.

எடிசன், நியூஜெர்சி: ஊரில் அப்பா கணக்குக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பிவிட்டால்?

தயவுசெய்து வேண்டாம். கடன் கொடுத்தவருக்குக் கிடைக்காமல் இருக்கச் சொந்தக்காரருக்குப் பணத்தை மாற்றினால் கோர்ட் அதை ரத்து செய்யலாம். பெரும்பாலான மாநிலங்களில் 4 ஆண்டு வரை பின்னோக்கிப் போக முடியும். அமெரிக்கத் தீர்ப்பை இந்தியாவில் நேரடியாக அமல்படுத்த முடியாது, அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் இருப்பது எடிசனில். சத்தியம் வாங்கிக்கொண்டு, எந்தப் பணத்தை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள். பொய் சொன்னால் அது குற்றம். கடன் பிரச்சினை கிரிமினல் பிரச்சினையாகிவிடும். மாதாமாதம் வழக்கமாக வீட்டுச் செலவுக்கு அனுப்புவது வேறு. அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தையும் எடுத்துவிடுவார்களா?

கம்பெனித் திட்டத்துக்குள் இருக்கும்வரை சாதாரணக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. கடனைக் கட்ட அதிலிருந்து எடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வருமானம் குறைவென்றால் இலவச சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. வருமான வரித்துறை பாக்கி என்றால் மட்டும் மேலே சொன்ன மாநில விலக்குகள் எதுவும் செல்லாது, அவர்களிடம் நேரடியாகத் தவணை கேட்க வேண்டும்.