வாசகர் கேள்வி – பதில்: மணி அடிக்காமல் இறங்கியவர்கள்

கேள்வி: கடந்த மாசி மாதம் அலுவலகத் தோழியருடன் சிவனொளிபாத மலைக்குச் சென்றிருந்தேன். எனக்கு வயது 52. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருக்கையில் தலை சுற்றி, நெஞ்சு இறுகியதால், ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் துணைக்கு ஒரு தோழியுடன் இறங்கிவிட்டேன். உச்சியை அடைந்தவர்கள் அடிக்கும் மணியை மற்றவர்கள் அடித்த கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். செங்குத்தான மலை வாழ்க்கைக்குப் பாடம் சொல்லும் என்பார்களே, ஏறி முடிக்காத மலை எனக்கு என்ன சொல்லியது? (வாசகி, உவர்மலை)

பதில்: பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நெஞ்சைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்றத்தில் நெஞ்சு இறுகுவது களைப்பினாலும் இருக்கலாம், இருதயத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல மருத்துவரால்தான் முடியும் என்பதால், இதுவரை போகவில்லையென்றால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்தது சரியான முடிவு.

மலை விடாமுயற்சியைக் கற்பிக்கிறது என்று பரிசளிப்பு விழா மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இருட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறத் துணிந்து, மலையடிவார ஊரான நல்லதண்ணி வரை வந்துவிட்ட எவருக்கும் விடாமுயற்சி குறைவாக இருப்பதில்லை. குறைவாக இருப்பது அளவு பற்றிய உணர்வு. நான் முதன்முறை சென்றபோது எனக்கு வயது 23. யாத்திரைக் காலத்தில் பாதை நெடுகிலும் விளக்குகள் எரியுமல்லவா, அடிவாரத்தில் நின்று பார்த்தபோது அந்த விளக்கு வரிசை மேலே மேலே போய், எங்கே விளக்கு முடிகிறது, எங்கே நட்சத்திரம் தொடங்குகிறது என்று தெரியாமல் வானத்தில் கலந்திருந்தது. அதைக் கண்டு பயந்து, பயத்தை மறைக்க நானும் என் நண்பர்கள் இருவரும் ஏறக்குறைய ஓடினோம். வழியில் கிழவிகளையும் குழந்தையைத் தோளில் சுமந்த தகப்பன்மாரையும் முந்திக்கொண்டு, அதிகாலை மூன்று மணிக்கே உச்சியை அடைந்தோம். சூரியன் உதிக்க இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வியர்வையில் ஊறிய சட்டையோடு, மலைக்காற்றில், சுவரோரம் ஒடுங்கி நடுங்கியதுதான் எங்கள் வேகத்துக்குக் கிடைத்த பரிசு. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். அந்த உச்சியோ 2,243 மீற்றர். சுவெற்றர் என்ற பொருளே அலமாரியில் இல்லாத ஊரிலிருந்து போன எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. நாங்கள் முந்திய கிழவிகள் பொழுது புலரும் தறுவாயில் நிதானமாக வந்து சேர்ந்து, எங்களுக்கு முன்னாலேயே நின்று சூரியனைக் கும்பிட்டார்கள்.

ஏறுகிறவர் தம் மூச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது பழைய அறிவுதான். பக்கத்தில் வருபவருடன் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. சொற்கள் துண்டு துண்டாக வந்தால் குறைக்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது அந்த மூச்சு எல்லோரிலும் மெதுவானவருடைய மூச்சாக இருக்க வேண்டும். உங்கள் அலுவலகக் குழு தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். 1344இல் இபின் பதூதா என்ற மொரோக்கோ நாட்டுப் பயணி இந்த மலைக்குப் போக விரும்பியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், சுமை தூக்குவோரும் கொடுத்து அனுப்பினார். அரசனே தனியாகப் போகச் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொற்றொடரில் வந்து மறைந்துவிட்ட ஒருவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். உங்களோடு இறங்கிய அந்தத் தோழிக்குத் தலை சுற்றவில்லை. உச்சி அவருக்கு ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருந்தது. அவரும் மணி அடிக்கவில்லை, அவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம் இதைப் பற்றி நீங்கள் ஒருமுறையாவது பேசியதுண்டா?

கேள்வி: ஏறும்போது வலிக்காத தொடைகள், இறங்கிய மறுநாள் படியில் கால் வைக்க விடாமல் வலிப்பது ஏன்? (வாசகர், சாம்பல்தீவு)

பதில்: ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது வேலையில்தான் தசை இழைகள் அதிகம் நலிவடைகின்றன. ஓரிரு நாளில் வலி உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாகத் தணியும். உச்சியைக் கண்டாயிற்று, இனி என்ன என்று தடதடவென இறங்குவோரே இதில் அதிகம் அகப்படுகிறார்கள். சிறிய அடிகளாக வைத்து, முழங்காலைச் சற்று மடித்தபடி இறங்குங்கள்.

கேள்வி: அடுத்த யாத்திரைக் காலத்தில் முதன்முறையாகப் போக இருக்கிறோம். எப்படிப் பழகுவது, எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது? (வாசகர், நிலாவெளி)

பதில்: மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வெசாக் வரை காலம் இருப்பதால் அவசரம் வேண்டாம். கோணேசர் கோயிலுக்கு ஓட்டோவில் போவதை விட்டு, பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து நடந்தே ஏறுங்கள். வாரத்தில் மூன்று நாள், மான்களை வேடிக்கை பார்த்தபடி போகலாம். அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலை சிறியதுதான், ஆனாலும் உங்கள் மூச்சின் அளவை அது காட்டிவிடும். நேரத்துக்கு, 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வகுத்த கணக்கு உண்டு: தட்டையான வழியில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீற்றர் உயரத்துக்கு இன்னொரு மணி நேரம். நல்லதண்ணியிலிருந்து ஏற வேண்டிய உயரம் ஆயிரம் மீற்றர் அளவில் இருப்பதால், கணக்கு மூன்று மணி நேரத்தை நெருங்கும். நெரிசலுக்கும் தேநீருக்கும் இன்னொன்று சேருங்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையின் மேலேயே வையுங்கள்.