புது அலமாரி போட்டதிலிருந்து கண் எரிகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறைக்குக் கட்டிட வேலைகள் நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, அவசர அவசரமாகப் படுக்கையறையைப் புதுப்பித்துச் சுவர் முழுக்க அலமாரி போட்டோம். இரண்டு மாதம் ஆகியும் உள்ளே போனால் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. அந்த அறையில் படுக்கும் என் மாமியாருக்கு ஆஸ்துமா. ஏர் பியூரிஃபையர் வாங்கினேன், மணி பிளான்ட் வைத்தேன், தினமும் சாம்பிராணி போடுகிறேன். இந்த வாடை எப்போதுதான் போகும்?

பதில்: முதலில் மாமியாரை வேறு அறைக்கு மாற்றுங்கள், இன்று ராத்திரியே. இளைப்பு கூடியிருந்தால் டாக்டரிடம் புது அலமாரி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் சாம்பிராணியை நிறுத்துங்கள். புகை வாடையை மறைக்குமே தவிர, அலமாரிப் பலகையின் பசையிலிருந்து கிளம்பிக் கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவை எடுக்காது. சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட் என எது எரிந்தாலும் அந்தப் புகையிலேயே ஃபார்மால்டிஹைடு கொஞ்சம் உண்டு. சாமிக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் வாசலில் போடலாம்.

உங்கள் அலமாரி அநேகமாகச் சிப்போர்டு அல்லது எம்டிஎஃப். மரத்தூளையும் சீவலையும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்கிற பலகை. பசையில் சேராமல் மிஞ்சிய வாயு முதல் சில மாதங்களில் வேகமாக வெளியேறும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள ஈரப்பதம் அதை மெல்ல உடைத்து, மறுபடி வாயுவை விடுவிக்கும். வெயில் ஏறினால் இன்னும் வேகமாக. கோடையான பிப்ரவரி மாத டர்பனைப் பற்றிச் சொல்லவா வேண்டும், ஜாடி உப்பே தண்ணீர் விடுகிற காலம். ஜொஹானஸ்பர்க்கில், வறண்ட குளிர்காலமான ஜூலையில், இதே அலமாரியைப் போட்டவருக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

சரி, பலகையைக் கவனிப்போம். மேலே மெலமைன் என்ற வழவழப்பான மேற்பூச்சுத் தாள் ஒட்டியிருப்பதால் எல்லாம் மூடியிருப்பது போலத்தான் தெரியும். டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். தட்டின் பின் ஓரம், அலமாரியின் அடிப்பக்கம், கீல் மாட்டத் துளைத்த குழிகள், பிளக் பாயிண்டுக்காக வெட்டிய ஓட்டை எல்லாம் பழுப்பு நிறத்தில் திறந்தே கிடக்கும். கண்ணில் படாத இடத்துக்கு எந்தத் தச்சர் மெனக்கெடுவார்? என் வீட்டில் தட்டுகளின் பின் ஓரம் ஒன்றுக்குக்கூட ஓரத்தை மூடும் பட்டி (எட்ஜிங் டேப்) ஒட்டியிருக்கவில்லை. நேரான ஓரங்களுக்குப் பட்டி ஒட்டுங்கள். மற்ற இடங்களில் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு கை பூசுங்கள். வார்னிஷும் சில நாள் நாறும். அதுவரை அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

இதற்கு அடுத்ததுதான் காற்றோட்டம். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிவிடும். அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, எதிரெதிர் ஜன்னல்களையும் திறந்து, ஒரு ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். காலையும் மாலையும் அரை மணியாவது இப்படி ஓடட்டும். பர்க்லர் கார்டு (திருடர் தடுப்புக் கம்பி) இருக்கிற ஜன்னல் என்றால் ராத்திரியும் கொஞ்சம் திறந்திருக்கலாம். மற்ற நேரத்தில் ஏசி போடுங்கள். அது சூட்டையும் ஈரத்தையும் குறைப்பதால் பலகை விடும் வாயுவும் குறையும்.

பியூரிஃபையர் வாங்கியாயிற்று, திட்டிப் பயனில்லை. ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரணக் கரி ஃபில்டரிலும் ஃபார்மால்டிஹைடு அவ்வளவாக ஒட்டாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய ஃபில்டர் நிறைய இருந்தால், அதையும் தவறாமல் மாற்றினால், ஓரளவு உதவும். ஓசோன் விடுகிற மெஷினை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது மற்ற பொருள்களோடு வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். மணி பிளான்ட் அழகுக்கு இருக்கட்டும். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. 2019-இல் இத்தகைய சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். வீட்டின் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டுமாம். அப்புறம் கட்டிலை எங்கே போடுவது?

ஃபார்மால்டிஹைடுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 30 நிமிட சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். மலிவு மீட்டரை நம்பிப் பதற வேண்டாம், சானிடைசர் தடவிய கையை அருகில் கொண்டுபோனாலே எகிறும். எண் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அறையில் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் பேட்ஜ் நல்லது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த ஆதாரத்தின் பெரும்பகுதி தொழிலிடங்களில் வருடக்கணக்காகச் சுவாசித்தவர்களிடமிருந்து வந்தது. உங்களுக்கு உடனடிக் கவலை கண்ணும் மூச்சும்தான்.

எப்போது போகும் என்று கேட்டீர்கள். ஜூன், ஜூலையில் காற்று உலரும்போது நன்றாகக் குறைந்திருக்கும். அடுத்த கோடையில் லேசாகத் தலைகாட்டலாம், இந்த அளவு இருக்காது. தச்சருக்குக் கடைசித் தவணை இன்னும் பாக்கி இருந்தால், ஓரங்களை அவரையே வந்து மூடச் சொல்லிவிட்டு அப்புறம் கொடுங்கள்.