அப்பாவின் எக்கோவில் பம்பிங் 63-இலிருந்து 57-க்கு இறங்கிவிட்டது. இதயம் பலவீனமாகிறதா?

மூச்சு வாங்கல் இல்லை, கால் வீக்கம் இல்லை, போன வருஷம் 63 சதவீதம், இந்த வருஷம் 57, டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வில் மூன்று மடலுக்குப் பதிலாக இரண்டோடு பிறந்தவன். அதனால் ஒன்பது வருஷமாக வருஷம் ஒருமுறை எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கிறேன். ரிப்போர்ட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரண்ட கதை எனக்கும் உண்டு.

இந்த 6 புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, மாறியது அப்பாவின் இதயமா அல்லது அளந்த கையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை இயல்பு என்றுதான் எக்கோ வழிகாட்டிகள் வைத்திருக்கின்றன. இரண்டு எண்ணுமே அதற்குள் இருக்கின்றன.

பம்பிங், அதாவது இஎஃப், என்பது இடது கீழறையில் நிறைந்திருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. அந்த ரத்தத்தை யாரும் பிடித்து அளப்பதில்லை. திரையில் கோடு போட்டு, அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். ரிப்போர்ட்டில் எல்விஐடி-டி, எல்விஐடி-எஸ் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது அறை விரிந்திருக்கும்போது அதன் விட்டம், அடுத்தது சுருங்கியபோது. ஒருவருக்கு 50 மிமீ, 33 மிமீ என்று வைத்துக்கொள்வோம். டைக்கோல்ஸ் என்ற பழைய சூத்திரத்தில் போட்டால் பம்பிங் 63 வரும். அடுத்த வருஷம் அதே ஆள், அதே இதயம், ஆனால் சுருங்கிய விட்டத்தை 33-க்குப் பதில் 35 என்று குறித்துவிட்டார்கள். இப்போது 57. உங்கள் அப்பாவின் இரண்டு எண்ணும் வந்துவிட்டன பாருங்கள்! வித்தியாசம் 2 மில்லிமீட்டர், கர்சரை ஒரு இழை தள்ளி வைத்தால் போதும். சூத்திரம் விட்டம் × விட்டம் × விட்டம் என்று பெருக்குவதால் சின்னப் பிசகும் ஊதிப் பெரிதாகிவிடுகிறது.

சிம்ப்சன் முறையில் அறையின் ஓரத்தைச் சுற்றி வரைந்து கணக்கிடுவார்கள். அது இதைவிட நல்லது. ஆனால் உடல்வாகு காரணமாகப் படம் மங்கலாக இருந்தால் ஓரம் எங்கே என்பதே ஊகம்தான். கண்ணால் பார்த்து ‘60 இருக்கும்’ என்று எழுதுவதும் உண்டு, அனுபவசாலி எழுதினால் அது ஒன்றும் மோசமில்லை. போன வருஷம் ஒரு முறை, இந்த வருஷம் வேறு முறை என்றால் ஒப்பிடுவதே வீண். வழக்கமான இருபரிமாண எக்கோவில் ஒரே ஆளுக்கு 10 புள்ளி வரை இப்படி ஆடலாம். கீமோ எடுப்பவர்களின் இதயத்தைக் கண்காணிக்கிறவர்கள்கூட, 10 புள்ளியாவது இறங்கி 50-க்கும் கீழே போயிருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். அன்றைய பிபி, துடிப்பு வேகம், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பது எல்லாமும் எண்ணை மாற்றும்.

என் கதைக்கு வருகிறேன். வால்வுக்கு மேலே அயோர்ட்டா என்ற பெருந்தமனி கொஞ்சம் விரிந்திருக்கிறது எனக்கு. ஒரு வருஷம் 39 மிமீ, அடுத்த வருஷம் 43. 55 மிமீ ஆனால் ஆபரேஷன் என்று எங்கோ படித்திருந்தேன். வருஷத்துக்கு நாலு, இன்னும் பன்னிரண்டுதான் பாக்கி, மூன்றே வருஷம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை, இரண்டு வருஷத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். ஒரு வருஷம் வால்வை ஒட்டிய புடைப்பில் அளந்திருந்தார்கள், மறு வருஷம் அதற்கு மேலே குழாய் போல நிமிரும் இடத்தில். இரண்டையும் அதே மேல் இடத்தில் மறுபடி அளந்ததில் 42, 43. அவ்வளவுதான். ஒரு வருஷம் எக்கோவுக்குப் பதில் சிடி ஸ்கேனில் எடுத்திருந்தால் இன்னும் குழப்பியிருக்கும். அங்கே சுவரின் எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரம் வரை அளக்கிறார்கள் என்பதே வேறு, ஓரிரு மில்லிமீட்டர் அதிலேயே போய்விடும்.

அதற்காக எல்லாவற்றையும் அளவீட்டுப் பிசகு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று எக்கோ வரிசையாக ஒரே பக்கம் நகர்ந்தால் அது வேறு விஷயம். பம்பிங் இறங்கும்போதே அறையின் விட்டமும் பெரிதாகிக்கொண்டு வந்தாலும் அப்படியே. ‘சுவர் அசைவு குறைவு’ என்ற பொருளில் ஒரு வரி இந்த வருஷம் புதிதாக முளைத்திருந்தால், பம்பிங் 60 என்று இருந்தாலும் டாக்டரிடம் கேளுங்கள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் பெரிய கசிவு இருப்பவருக்கு எண் நம்மை ஏமாற்றும். ரத்தம் முன்னால் போவதோடு பின்னாலும் கசிவதால் பம்பிங் உயர்வாகத் தெரியும். அவர்களுக்கு 60-க்கு இறங்குவதே ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிய கட்டம். அப்பாவின் ரிப்போர்ட்டில் வால்வு பற்றிய வரிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடையில் படுத்தால் மூச்சு முட்டினாலோ, நாலைந்து நாளில் எடை கிடுகிடுவென ஏறினாலோ பத்து நாள் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு பழைய படங்களும் இருக்கும் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ‘இரண்டையும் ஒரே முறையில் அளந்தார்களா, படங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?’ என்ற ஒரே கேள்வி போதும். முடிந்தவரை அடுத்த எக்கோவையும் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள்.

போன மாதம் எனக்கு அயோர்ட்டா 41 மிமீ என்று வந்தது. “சுருங்கிடுச்சாடா?” என்று அம்மா சந்தோஷமாகக் கேட்டாள். “இல்லம்மா, டெக்னீஷியன் மாறிட்டார்” என்றேன்.