பறக்காத சூப்பர்மேன்

கேள்வி: நீங்கள் இந்தப் பக்கத்தில் அடிக்கடி புகழ்கிறீர்களே என்று சூப்பர்மேனின் இளமைக் கதையான 'ஸ்மால்வில்' டிவி தொடரை ஆரம்பித்தேன். ஆறு எபிசோடு ஆயிற்று. பறக்காத சூப்பர்மேன், விண்கல்லால் விபரீத சக்தி பெற்ற வில்லன் வாரத்துக்கு ஒருவன், இதைத் தவிர ஒன்றும் காணோம். ஆறாவதில் ஒரு பாட்டி கையைப் பிடித்து எதிர்காலம் சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் சமாசாரம்தானே இது? உங்கள் விமர்சனம் என்ன?

பதில்: 'பறக்காத' என்று ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

சூப்பர்மேன் பிறந்தபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. 1938ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் தாவினான், அவ்வளவுதான். ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டிக் குதிப்பான். எக்ஸ்ரே பார்வை அப்போது கிடையாது. அவன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டனைட் கல் கிடையாது, அது 1943ல் ரேடியோ நாடகத்தில்தான் வந்தது. பறப்பதும் ரேடியோவிலும் கார்ட்டூனிலும் வளர்ந்த பழக்கம்தான். அதற்கு நான் நினைக்கும் காரணம் எளியது. காதால் மட்டும் கேட்கிறவருக்கு ஒருவன் எம்பிக் குதித்தான் என்று புரிய வைப்பது கஷ்டம். காற்று கிழியும் சத்தம் ஒன்றைப் போட்டால் ஆள் வானத்தில் போகிறான் என்று உடனே தெரிந்துவிடும். ஆக, ஸ்மால்வில்லில் நீங்கள் பார்க்கும், சோளக்காட்டுக்குள் ஓடுகிற பையன் 1938ல் வந்தவனுக்கு மிகவும் நெருக்கமானவன். மேலங்கி படபடக்கப் பறக்கிறவர்தான் பிற்காலத்து ஆள்.

தொடரை உருவாக்கிய ஆல்ஃப்ரெட் காஃபும் மைல்ஸ் மில்லரும் ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அந்த நீல, சிவப்பு உடை வராது, பறப்பதும் வராது. 2001 அக்டோபர் 16ல் தொடங்கிய தொடர் பத்து சீசன் ஓடி 2011 மே 13ல் முடிந்தது. கிளார்க், அதாவது சூப்பர்மேனாகப் போகிற அந்தப் பையன், தன் நினைவோடு, தன் விருப்பத்தால் பறப்பது அந்தக் கடைசி நாளில்தான். நான்காவது சீசன் தொடக்கத்தில் பறக்கிறானே என்று சிலர் எழுதுவார்கள். அப்போது அவன் கிளார்க்காகவே இல்லை, அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். இரண்டாவது எபிசோடு உங்களுக்கு நினைவிருக்கும். தூக்கத்தில் கட்டிலுக்கு மேலே மிதந்துகொண்டிருப்பான், விழித்ததும் தொப்பென்று விழுவான். பறக்கும் சக்தி அவனுக்குள் இருக்கிறது, தூங்கும்போது அது தெரிகிறது, விழித்தால் போய்விடுகிறது. பதினைந்து வயதுப் பையனைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு காட்சியில் சொல்லிவிட முடியுமா?

பறக்கிற நாயகனை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். இவன் தரையில் நிற்பதால் முகத்தைப் பார்க்க முடிகிறது. உடம்பு கேட்காமலே ஏதேதோ செய்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை, அப்பா அம்மா சொல்லும் சமாதானம் போதவில்லை. நான்காவது எபிசோடில் கண்ணுக்குச் சுவரைத் தாண்டித் தெரிய ஆரம்பிக்கும்போது அவன் முதலில் பயப்படுகிறான். பறக்க வைத்திருந்தால் இந்தப் பயத்துக்கு இடமே இருந்திருக்காது.

சரி, 'சின்னப் பிள்ளைகள் சமாசாரம்'. இந்த வார்த்தையோடு நான் இந்தப் பக்கத்தில் பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றும் விடப் போவதில்லை. சூப்பர்மேனைக் கண்டுபிடித்தவர்களே சின்னப் பிள்ளைகள்தான். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர். கிளீவ்லேண்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் வரைவார். இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தார்கள், கேட்ட இடமெல்லாம் வேண்டாம் என்றார்கள். கடைசியில் 1938ல் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரு காசோலை வந்தது. அதில் இரண்டு பேருடைய பெயரும் தப்பும் தவறுமாக எழுதப்பட்டிருந்தது. தப்பான பெயரில் ஒரு முறை, சரியான பெயரில் ஒரு முறை என்று இரண்டு தடவை கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினார்கள். அந்தக் காசோலைத் தாள் 2012ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று. அப்போது இரண்டு பேரும் உயிரோடு இல்லை.

சூப்பர்மேனின் இளமைப் பருவத்தைக் கதையாக்கலாம் என்று பதிப்பகத்திடம் முதலில் சொன்னவரும் சீகல்தான். 1938லேயே சொன்னார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் அவர் ராணுவத்துக்குப் போனார். அவர் அங்கே இருக்கும்போது, அவரைக் கேட்காமலே, 'சூப்பர்பாய்' 1945ஆம் ஆண்டு இதழில் அச்சாகி வந்துவிட்டது. 1947ல் சீகலும் ஷூஸ்டரும் பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். மறு வருடம் ஏறத்தாழ 94,000 டாலருக்குச் சமரசம் ஆனது, அதோடு இருவர் பெயரும் சூப்பர்மேன் கதைகளிலிருந்து காணாமல் போயிற்று. 1975ன் இறுதியில், பெரிய பட்ஜெட்டில் திரைப்படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், ஊர் உலகத்துக்கெல்லாம் முறையிட்ட பிறகுதான் ஆளுக்கு வருடத்துக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் 'உருவாக்கியவர்கள்' என்ற வரியும் திரும்பக் கிடைத்தன. அந்த வரி ஸ்மால்வில் எபிசோடுகளிலும் வருகிறது. ஷூஸ்டர் 1992ல் இறந்தார், சீகல் 1996ல். டீன்ஏஜ் கிளார்க்கைத் திரையில் இப்படி ஒரு தொடராகப் பார்க்க சீகலுக்கு இன்னும் ஐந்தே வருடம் வேண்டியிருந்தது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

இதை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: நான் முதன்முதலாக மொழிபெயர்த்த கதை ஒரு வார இதழில் என் பெயர் இல்லாமல் வந்தது. இடம் போதவில்லை என்றார்கள். அதே பக்கத்தின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அன்றிலிருந்து எதைப் படித்தாலும் பார்த்தாலும் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். திரை விமர்சனம் எழுதுகிறவர்கள் நடிகர் பெயரை மூன்று முறை போட்டுவிட்டு எழுதியவர் பெயரை ஒரு முறை கூடப் போடாமல் விடுவதை மன்னிக்கவும் மாட்டேன்.

ஆகவே நீங்கள் கேட்ட ஆறாவது எபிசோடு: 'அவர்கிளாஸ்'. 2001 நவம்பர் 20ல் ஒளிபரப்பானது. எழுதியவர் டோரிஸ் ஈகன். இயக்கியவர் கிறிஸ் லாங்.

இதில் இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று சுமார். முதியோர் இல்லத்தில் இருக்கும் பழைய கொலைகாரர் ஒருவர் விண்கல் கிடக்கும் நீரில் விழுந்து இளைஞனாகிவிடுகிறார், தன்னைச் சிறைக்கு அனுப்பிய ஜூரிகளின் வாரிசுகளைத் தேடிப் பழிவாங்கப் போகிறார். 'வாரத்துக்கு ஒரு விண்கல் வில்லன்' என்று நீங்கள் சொல்வது இங்கே நூற்றுக்கு நூறு சரி. முதல் சீசனின் பெரிய பலவீனமே இதுதான். விண்கல் இருந்தால் எதுவும் நடக்கலாம் என்று ஆகிவிட்ட பிறகு, ஏன் நடந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொரு கதைதான் நீங்கள் 'பாட்டி' என்று தாண்டிப் போனது. கசாண்ட்ரா கார்வர். ஜாக்கி பரோஸ் என்ற கனடா நாட்டு நடிகை. விண்கல் மழையில் பார்வை போனவர், கையைத் தொட்டால் எதிர்காலம் தெரிகிறவர். கிரேக்கக் கதையில் கசாண்ட்ரா சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே கிளார்க் நம்பத் தயங்குகிறான், அவர் கையைப் பிடித்ததும் அவனுக்கும் அந்தக் காட்சி தெரிந்துவிடுகிறது. தான் நேசிக்கிறவர்களின் கல்லறைகளுக்கு நடுவில் தான் மட்டும் நிற்கிறான். இந்த உடம்பு சாகாது என்பதை ஒரு சூப்பர்ஹீரோ கதை பரிசாகக் காட்டும். இங்கே பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன், எல்லாரையும் தானே புதைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்கிறான். இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்றால் பெரியவர்கள் சமாசாரம் எது என்று எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், பிற்காலத்தில் சூப்பர்மேனின் பரம எதிரியாகப் போகிற லெக்ஸ் லூத்தர் வருகிறான். முதல் எபிசோடில் பாலத்தில் கார் மோதிய அன்று தான் எப்படிப் பிழைத்தோம் என்ற கேள்வி அவனை விடவில்லை. அவனும் கடைசியில் கையை நீட்டுகிறான். வெள்ளை மாளிகை, ஜனாதிபதியின் அறை, வெள்ளை உடையில் லெக்ஸ். அடுத்து ஒரு சூரியகாந்தி வயல், அவன் தொட்டதும் கருகுகிறது, காலடியெல்லாம் எலும்புகள், வானத்திலிருந்து ரத்தமாக மழை. கசாண்ட்ரா அவன் கையைப் பிடித்தபடியே இறந்துபோகிறார்.

டோரிஸ் ஈகன் செய்த வேலை இங்கேதான் இருக்கிறது. கிளார்க்குக்குத் தன் எதிர்காலக் காட்சி தெரிந்தது, லெக்ஸுக்குத் தன்னுடையது தெரியவில்லை. நமக்குத் தெரியும், இறந்தவருக்குத் தெரியும், அந்த அறையில் உயிரோடு இருக்கும் ஒரே ஆளுக்குத் தெரியாது. வரப்போகும் அத்தனை சீசன்களின் வில்லனையும், அவன் மேல் நமக்கு வரும் பரிதாபத்தையும், வசனத்தில் விளக்காமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். தொடர் தொடங்கி ஐந்தே வாரம் ஆகியிருந்தபோது இதைச் செய்திருக்கிறார்.

ஏழாவது எபிசோடுக்குப் போகும் முன் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். வயலையும் மழையையும் விட்டுவிடுங்கள். பாட்டியின் கை தளர்ந்த பிறகு லெக்ஸாக நடிக்கும் மைக்கேல் ரோசன்பாமின் முகத்தை மட்டும் பாருங்கள். என்ன தெரிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், உங்கள் பெயரோடு போடுகிறேன்.